கறுத்த சுவரும் ஒரு மில்லிமீட்டர் துளையும்

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டில் இரண்டு வகைக் கறுப்பு உண்டு. ஒன்று, மாமரத்தடியில் காம்பவுண்டு சுவர் மேல் படிந்திருப்பது. விரலால் தேய்த்தால் கரி போல ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, வடக்குச் சுவரில் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து கோடு கோடாக வழிந்து இறங்கியிருப்பது. இதைத் தேய்த்தால் விரலில் ஒன்றும் வராது. பெயிண்டர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் அழுக்குதான் சார், மேல ரெண்டு கோட்டு அடிச்சா போயிடும்" என்றார்.

இரண்டுமே வெறும் அழுக்கில்லை. இரண்டுக்கும் உயிர் உண்டு.

மாமரத்தடிச் சங்கதி நம் மாவட்டத்துக்காரர்களுக்குப் பழக்கமானது. மா பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சி பூங்கொத்துச் சாற்றை உறிஞ்சும். வயிற்றுக்கு மிஞ்சிய சர்க்கரையைப் பிசுபிசுப்பாகக் கீழே சொட்டும். இலை, சுவர், நிறுத்தியிருக்கும் பைக் எதையும் விடாது. அந்த இனிப்பில் வளர்வதுதான் கரும்பூசணம். சுவரில் அதற்கு வேர் கிடையாது, சர்க்கரை மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரை தண்ணீரில் கரைந்தால் பூசணமும் இடம் பெயரும். சோப்புத் தண்ணீரும் துடைப்பமும் போதும், இதற்குத் தண்ணீரைப் பீய்ச்சியடிக்கும் பிரஷர் வாஷர் மெஷின் வேண்டாம்.

வடக்குச் சுவரில் இருப்பது வேறு ஆள். பாசி என்கிறோம். பெரும்பாலும் அது நீலப்பச்சைப் பாசி, உண்மையில் பாக்டீரியா வகை. வெயிலில் கருகாமல் இருக்க ஸ்கைட்டோனெமின் என்ற கருநிறமியைத் தானே தயாரித்துப் போர்த்திக்கொள்ளும். சுவர் கறுப்பாகத் தெரிவதற்கு அந்தப் போர்வை முக்கியமான காரணம். கோடை முழுக்கக் காய்ந்து செத்தது போலக் கிடக்கும், ஒரு மழை பெய்ததும் எழுந்துவிடும். வடக்குச் சுவரை அது தேடிப் பிடித்ததற்கும் கணக்கு இருக்கிறது. நம் ஊர் வட அட்சம் 12 பாகையை ஒட்டி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். மழையில் நனைந்த வடக்குச் சுவர் நேர் வெயிலையே பார்க்காமல் நாள்கணக்கில் ஈரமாக நிற்கும்.

சரி, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விடலாமா? பாசி தன்னைச் சுற்றிச் சளி போன்ற ஒரு பசையைச் சுரக்கிறது. அது தண்ணீரைப் பிடித்து வைக்கும். நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஒவ்வொரு முறையும் பூச்சின் மணல் துகள்களைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். பாசியும் பூஞ்சையும் கூட்டு சேர்ந்த லைக்கன் வந்துவிட்டால் அதன் இழைகள் பூச்சுக்குள்ளேயே இறங்கும், அது சுரக்கும் அமிலம் சுண்ணாம்புப் பங்கைக் கரைக்கும். இதெல்லாம் ஒரு வருடத்தில் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இதன் மேல் பெயிண்ட் அடித்தால் உடனே தெரியும். பெயிண்ட் பாசியைத்தான் பிடிக்கிறது, சுவரை அல்ல. அடுத்த மழையில் அப்பளம் போலக் கிளம்பிவிடும். மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பி அனுப்ப வெள்ளைப் பூச்சு அடித்திருந்தால், அது கறுக்கக் கறுக்க வெயிலை உள்ளே வாங்கத் தொடங்கும். கீழே படுத்திருப்பவருக்கு மே மாதம் அது புரியும்.

நம் தாத்தா காலத்துச் சுவர்களில் இவ்வளவு பாசி தங்காததற்குக் காரணம் பொங்கல். வருடா வருடம் அடித்த சுண்ணாம்பு கடுமையான காரம், அதன் பி.எச். அளவு 12-க்கு மேல். அதில் பாசி பிழைக்காது. காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்ச உறிஞ்சச் சுண்ணாம்பின் காரம் இறங்கிவிடும், அதற்குள் அடுத்த பொங்கல் வந்துவிடும். புது சிமெண்ட் பூச்சு முதல் சில வருடம் பளிச்சென்று இருப்பதற்கும் அந்தக் காரம் ஒரு காரணம். எமல்ஷன் பெயிண்டில் அது கிடையாது. வெள்ளையடிப்பதை நிறுத்திய நாம், அது செய்துவந்த இன்னொரு வேலையையும் சேர்த்து நிறுத்திவிட்டோம். வருடம் ஒருமுறை சுவரைக் கழுவுவது அந்த வேலைக்குத்தான் மாற்று.

இங்கேதான் பிரஷர் வாஷர் வருகிறது. பைக் வாட்டர் சர்வீஸ் கடையில் பார்த்திருப்பீர்கள். சாதா ஹோஸ் ஏன் போதாது என்றால், சுவரை உரசி ஓடும் தண்ணீரில் சுவரைத் தொட்டிருக்கும் படலம் நகர்வதே இல்லை. அதற்கு மேலுள்ள படலம் மெல்ல நகரும், அதற்கு மேல் இன்னும் வேகம். நுண்ணிய தூசியும் பாசியும் அந்த நகராத அடுக்குக்குள் பதுங்கிக்கொள்ளும். எத்தனை மழை பெய்தும் சுவர் சுத்தமாகாதது இதனால்தான். அந்த அடுக்கை மெலிய வைக்க வேகம் வேண்டும்.

மாடித் தொட்டியிலிருந்து 4 மீட்டர் இறங்கி வரும் தண்ணீருக்கு, குழாய் உராய்வை விட்டுவிட்டாலும், நொடிக்கு 9 மீட்டர்தான் வேகம். வீட்டு உபயோக மெஷின் சுமார் 100 பார் அழுத்தம் தரும். பைக் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய 50 மடங்கு. ஆனால் அந்த அழுத்தம் சுவர் வரை போவதில்லை, நாசில் என்ற குறுகிய முனையில் அது தண்ணீரின் வேகமாக மாறிவிடுகிறது. கணக்குப் போட்டால் நொடிக்கு 141 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீர் இந்த வேகத்தில் வெளியேற, துளை ஒரு மில்லிமீட்டர் அகலம் இருந்தால் போதும். அதிலிருந்து கிளம்பும் துளிகள் சுவரில் மோதிச் சப்பையாகி நாலாபுறமும் சீறும்போது பாசியின் அடியைப் பிடித்துப் பெயர்க்கின்றன. தண்ணீர்ச் செலவும் ஹோஸைத் திறந்துவிடுவதைவிடக் குறைவு. போர் வற்றும் நம் பக்கத்துக்கு அது சின்ன விஷயமில்லை.

இவ்வளவும் தெரிந்தும் நான் சொதப்பினேன். நண்பரிடம் மெஷினை வாங்கி வந்து, விரியாமல் ஒற்றைக் கோடாகப் பாயும் நாசிலை மாட்டி, நாலு விரற்கடை தூரத்தில் பிடித்தேன். பாசி போனது. பெயிண்டும் போனது. அதற்குக் கீழே பூச்சில் பென்சில் பருமனுக்கு ஒரு வாய்க்கால் விழுந்தது. விசிறி போல விரியும் நாசிலை மாட்டி, ஒரு முழத்துக்குக் குறையாத தூரத்தில், மேலிருந்து கீழாக அடித்திருக்க வேண்டும். தூரம் கூடக் கூட விசை விரிந்து பரவி அடங்கிவிடும். கீழிருந்து மேலே அடித்தால் விரிசல், ஜன்னல் சந்து வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். சுவிட்ச் பெட்டிப் பக்கமே போகக் கூடாது. கையிலும் காலிலும் பட்டால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் இதைக் காட்டவே கூடாது, நுரையீரலைக் கெடுக்கும் இழைகள் பறக்கும். மண் சாந்தில் கட்டிய பழைய வீடு என்றால் சுவரே கரையும்.

இன்னொன்று. பாசியை முதலில் கொன்றுவிட்டால் மெஷினுக்குப் பாதி வேலைதான். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் சுவரில் தெளித்து, கால் மணி நேரம் விட்டு, குறைந்த அழுத்தத்தில் அடித்தால் போதும். பக்கத்துச் செடிகளை முன்னாலேயே நனைத்துவிட வேண்டும். சிலர் ஆசிட் ஊற்றுவார்கள். நுரைப்பதைப் பார்த்தால் அழுக்கு போவது போலத்தான் இருக்கும். நுரைப்பது சுண்ணாம்பு, போவது சுவர். ஆசிட்டும் பிளீச்சிங்கும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது அதைவிட மோசம்.

கழுவிக் காய்ந்த பிறகு ஜன்னல் கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள். போர் தண்ணீரின் உப்பு. தண்ணீர் ஆவியாகிக் கால்சியம் கார்பனேட் தங்கிவிட்டது. ஒகேனக்கல் தண்ணீரைப் பிடித்து அடிக்கலாமே என்றேன். நிலத்தடி நீரிலுள்ள ஃப்ளோரைடுக்குப் பயந்து 2013-ல் கொண்டுவந்த குடிதண்ணீரைச் சுவருக்கு ஊற்றுவீர்களா என்று வீட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. எலுமிச்சைச் சாற்றில் துணியை நனைத்துக் கண்ணாடியைத் துடைத்து முடித்தேன்.

மறுவாரம் பெயிண்டர் வந்தார். வெளுத்த சுவரைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. வாய்க்காலில் விரலை வைத்து மேலிருந்து கீழ் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குப் பட்டி பார்க்கணும் சார், அது தனி ரேட்டு" என்றார்.