செம்புக் குண்டு ஏன் அவ்வளவு வேகமா சுத்தணும்?

பினாங்கு பயான் லெப்பாஸ்ல ஃபேக்டரி ஒன்னுல மெஷினிஸ்ட்டா இருக்கற வாசகர் ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அமெரிக்காவுல வேட்டைக்காரங்க வீட்டுலயே தோட்டா தயார் பண்ற வீடியோ பாக்கறது அவருக்குப் பழக்கமாம். அதுல ஒரு செம்புக் குண்டுப் பெட்டியில "1:10 ட்விஸ்ட் அல்லது அதவிட வேகம்"னு போட்டிருந்துச்சாம். குண்டு வாங்கறவன் எதுக்கு துப்பாக்கிக் குழாயப் பத்தி யோசிக்கணும், விட்டம் சரியா இருந்தா பத்தாதா? நல்ல கேள்வி. இத எழுத உக்காந்ததே அதுக்காகத்தான்.

முதல்ல ஒன்னு, இங்க மலேசியாவுல லைசென்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கறது 1960 ஆயுதச் சட்டப்படி குற்றம், அதனால இது செஞ்சு பாக்கறதுக்கான குறிப்பு இல்ல, இதுக்குப் பின்னால இருக்கற ஃபிசிக்ஸ் மட்டும்தான். தோட்டான்னா பித்தளை கேஸ், அடியில தீ மூட்டற பிரைமர், உள்ள வெடிமருந்து, முனையில குண்டு, இந்த நாலும் சேந்தது. வெளிய பறந்து போறது குண்டு மட்டும். அத எடைய வெச்சுத்தான் விக்கறாங்க, கிரெய்ன் கணக்குல. 1 கிரெய்ன்னா சுமார் 0.065 கிராம், அப்ப 150 கிரெய்ன் குண்டு பத்து கிராமுக்குக் கொஞ்சம் கம்மி.

பெட்டியில எடைதான் பெருசா அச்சாகியிருக்கும், அதனால எல்லாரும் எடையத்தான் பாப்பாங்க. ஆனா குண்டு நேரா பறக்குமா புரளுமாங்கறத தீர்மானிக்கறதுல நீளத்துக்குத்தான் பெரிய பங்கு.

முனை கூரா இருக்கற குண்டோட எடை பின்பக்கமாத்தான் கூடுதலா இருக்கும், அதனால அதோட புவியீர்ப்பு மையம் பின்னால தள்ளி உக்காந்திருக்கும். காத்து தள்ற விசையோ அதுக்கு முன்னால, மூக்குப் பக்கமா விழும். குண்டு ஒரு துளி சாஞ்சாலும் காத்து அந்த மூக்கப் பிடிச்சு இன்னும் சாய்க்கப் பாக்கும். சும்மா விட்டா குட்டிக்கரணம்தான். இதத் தடுக்கத்தான் ரைஃபிள் குழாய்க்குள்ள திருகு மாதிரி பள்ளம் வெட்டியிருக்காங்க, அந்தத் திருகோட அளவுதான் ட்விஸ்ட். 1:10ன்னா 10 இஞ்ச், அதாவது 25.4 சென்டிமீட்டர் போறதுக்குள்ள குண்டு ஒரு முழுச் சுத்து சுத்தும். அந்தக் குழாயில இருந்து செகண்டுக்கு 850 மீட்டர் வேகத்துல வெளிய வர்ற குண்டு செகண்டுக்கு 3300 தடவைக்கு மேல சுத்துது, நிமிஷக் கணக்குல 2 லட்சம் சுத்து! ஒரு விரல் நீளம்கூட இல்லாத உலோகத் துண்டு. இத ஒவ்வொரு தடவ கணக்குப் போட்டுப் பாக்கும்போதும் எனக்கு சிலிர்க்குது.

சுத்தற பொருள ஒரு பக்கமா தள்ளினா அது அந்தப் பக்கம் விழாது, தள்ளினதுக்கு செங்குத்தான திசையில நகரும். பம்பரம் அப்படித்தான், பூமி அத கீழ இழுக்குது, அது விழாம தலைய மட்டும் மெதுவா வட்டம் போட்டு ஆட்டுது. குண்டுக்கு பூமியோட வேலைய காத்து செய்யுது, கணக்கு அதே கணக்குதான். காத்து மூக்க மேல தள்ளும், மூக்கு பக்கவாட்டுல போகும், அங்க காத்து திரும்பத் தள்ளும், மூக்கு இன்னும் கொஞ்சம் திரும்பும், இப்படியே ஒரு சின்ன வட்டம் போட்டுட்டு குண்டு முன்னால போய்க்கிட்டே இருக்கும். சரியா அமைஞ்ச குண்டுன்னா அந்த வட்டம் போகப் போக சுருங்கி அடங்கிடும். இதுல இன்னொரு அழகு இருக்கு, காத்து குண்டோட முன்னோக்கிய வேகத்தக் குறைக்கற அளவுக்கு சுழற்சியக் குறைக்கறதில்ல. புரட்டற விசை தளருது, சுழற்சியோட பிடி அப்படியே நிக்குது, அதனால தூரம் போகப் போக நிலைத்தன்மை கூடுது.

நீளம் எங்க வருதுன்னா, சுழற்சியோட பிடி குண்டோட குறுக்களவ, அதாவது விட்டத்த நம்பி இருக்கு. நீளத்தக் கூட்டினா குறுக்களவு கூடாது, ஆனா புரட்டற பக்கம் பலமாகுது, ஏன்னா காத்துக்கு நெம்புகோல் நீளமாகுது, எடையும் நடுவுல இருந்து விலகி ரெண்டு நுனிக்கும் போயிடுது. ஈடு கட்டணும்னா இன்னும் வேகமா சுத்தணும், வேற வழியே இல்ல. 1879ல இங்கிலாந்தோட உல்விச் பீரங்கிக் கல்லூரியில கணித பேராசிரியரா இருந்த கிரீன்ஹில் இதுக்கு ஒரு எளிய சூத்திரம் குடுத்தார். குறுக்களவோட வர்க்கத்த 150ஆல பெருக்கி நீளத்தால வகுத்தா, ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம்னு வந்துடும். 7.82 மில்லிமீட்டர் குண்டு 30 மில்லிமீட்டர் நீளம்னா சுமார் 306 மில்லிமீட்டர், அது 1:12. அதே குண்டு 36 மில்லிமீட்டர் ஆனா 255, அது 1:10. ஆறு மில்லிமீட்டர்ல குழாயே மாறுது! பீரங்கிக்குப் போட்ட கணக்கு இன்னிக்கும் தோராயமா பொருந்துது.

இப்ப பெட்டிக்கு வரலாம். வழக்கமான குண்டு ஈயத்துக்கு மேல செம்பு ஜாக்கெட் போட்டது. ஈயத்தோட அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், செம்பு 8.96. அதனால 150 கிரெய்ன் முழுச் செம்புக் குண்டு கிட்டத்தட்ட 165, 180 கிரெய்ன் ஈயக் குண்டு அளவுக்கு நீண்டுடும். எடை ஒன்னு, நீளம் வேற, அதான் பெட்டியில குழாயப் பத்தின எச்சரிக்கை. போதாத ட்விஸ்ட்ல சுட்டா காகித டார்கெட்ல வட்ட ஓட்டைக்குப் பதிலா நீளமான கிழிசல் விழும், குண்டு பக்கவாட்டுல போய் மோதினதுக்கு அதுவே சாட்சி. தோட்டத்துல வேட்டைக்குப் போறவங்க முனீஸ்வரன கும்பிட்டுட்டுப் போனா அது அவங்க நம்பிக்கை, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன், ஆனா குறி தப்பினதும் துப்பாக்கிக்கு கண்ணு பட்டுருச்சுன்னு சொல்றத என்னால ஏத்துக்க முடியாது. அந்த ஓட்டையப் பாத்தா காரணம் தெரியும்.

காத்தோட அடர்த்தியும் இதுல சேரும். மைனஸ் 20 டிகிரி குளிர்ல காத்து நம்ம பினாங்கு வெயில்ல இருக்கறத விட சுமார் 20 சதவிகிதம் அடர்த்தி, புரட்டற பலமும் அந்த அளவு கூட. கோடையில கச்சிதமா பறந்த குண்டு அலாஸ்கா பனியில தள்ளாடலாம்.

அப்புறம் எதுக்கு ஈயத்த விட்டுட்டு செம்புக்குப் போறாங்க? ஈயம் உடம்புக்குள்ள மோதினதும் பொடிப் பொடியா சிதறுது. வேட்டைக்காரங்க விட்டுட்டுப் போற குடலத் தின்னு கலிபோர்னியா காண்டோர் கழுகுங்க ஈய நஞ்சுல செத்துச்சு. 1982ல அந்த இனத்துல மிஞ்சினது 22தான். கலிபோர்னியாவுல 2019 ஜூலையில இருந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. 2008ல நார்த் டக்கோட்டாவுல ஏழைங்களுக்குக் குடுக்க வெச்சிருந்த மான் கொத்துக்கறியில ஈயத் துகள் இருக்கறது ஸ்கேன்ல தெரிஞ்சு, அத சாப்பிட வேணாம்னு சொல்லிட்டாங்க. இங்கயும் காட்டுப்பன்னி சுட்டு சாப்பிடற குடும்பங்க இருக்கு, ஷாட்கன் ரவையும் பெரும்பாலும் ஈயம்தான். அந்த இறைச்சிய எக்ஸ்ரே எடுத்துப் பாக்கறதுக்கு பெரிய செலவு ஆகாது, யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) மாதிரி இடத்துல ஒரு மாணவருக்கு சின்னதா ஒரு நிதி ஒதுக்கினாலே போதும். பெரிய கட்டடம் திறக்கறத விட இந்த மாதிரி ஆராய்ச்சிக்கு காசு போடறதுதான் முக்கியம்னு நான் உறுதியா நம்பறேன்.

சரி, 1:12 குழாய் வெச்சிருக்கறவர் செம்பு போடணும்னா? எடையக் குறைக்கணும், 150க்குப் பதிலா 130 கிரெய்ன். நீளம் குறையும், அந்தக் குழாய்க்கு ஒத்து வரும். ஈயக் குண்டு சிதறி எடைய இழக்குது, செம்பு பூ மாதிரி விரிஞ்சு எடைய கிட்டத்தட்ட முழுசா பிடிச்சு வெச்சுக்குது, அதனால லேசான குண்டே ஆழமா இறங்கி மிருகத்த சீக்கிரம் சாய்க்கும். ஆனா ஈயக் குண்டுக்கு எழுதின மருந்து அளவ அப்படியே செம்புக்குப் போடக்கூடாது. நீளமான குண்டு கேஸுக்குள்ள இடத்தப் பிடிச்சுக்கும், அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிடலாம், அதனால அங்க ஒவ்வொரு குண்டுக் கம்பெனியும் தன் குண்டுக்குன்னு தனி அட்டவணையே போடறாங்க.