மாடி ஏறுவதை எப்போது நிறுத்தினீர்கள்?

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் கவுண்டியின் கடலோரத்தில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிப் பிழைத்த ஊர்கள் இவை.

போன குளிர்காலத்தில் ஒரு முன்னாள் சுரங்கத் தொழிலாளி வந்தார். கையில் காயம் பட்ட இடமெல்லாம் கரித்தூள் தோலுக்குள் தங்கி, பச்சை குத்தியதுபோல நீலக் கோடுகள். “ரொம்ப நாளா ஏதாவது தொந்தரவு உண்டா?” என்று கேட்டேன். “அதெல்லாம் இல்ல டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்.” கூட வந்த மனைவிதான் சொன்னார்: இரண்டு வருஷமாகக் கட்டில் கீழே ஹாலில் கிடக்கிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, காய்கறித் தோட்டத்தையும் மச்சானிடம் விட்டுவிட்டார். “வயசாச்சு இல்லையா?” என்றார் இவர்.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கே ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்தது. என்ன நோய் என்று அது கேட்கவில்லை. அன்றாடக் காரியங்களையோ வேலையையோ முடக்கும் நீண்டகால உபாதை உண்டா என்று மட்டும் கேட்டது. கூடவே, முதுமையால் வருவதையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு வரி. அந்த ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும்.

2001 கணக்கெடுப்பில் இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து ‘ஆம்’ என்றவர்கள் 18.2 சதவீதம். எங்கள் கவுண்டியின் ஈசிங்டன் பகுதியில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று பேர். வயதானவர்கள் அதிகம், அதனால்தான் என்று தள்ளிவிட முடியாது. வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டிப் பார்த்தாலும் பழைய சுரங்கப் பகுதிகள் மேலேதான் நிற்கின்றன. தூசி, முழங்காலில் ஊர்ந்து செய்த வேலை, சிகரெட், 1993-ல் ஈசிங்டன் சுரங்கமும் மூடியபின் வந்த வேலையின்மை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. (2011-ல் கேள்வியின் வாசகம் மாறியது, பழைய எண்களோடு அப்படியே ஒப்பிட வேண்டாம்.)

அவருக்கு ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்தோம். சி.ஓ.பி.டி. என்று தெரிந்தது, அதாவது மூச்சுக்குழாய்கள் சுருங்கி மூச்சு வாங்கவைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். கெட்டுப்போன நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் இன்ஹேலரும் மூச்சுப் பயிற்சி வகுப்பும் நடக்கும் தூரத்தைக் கூட்டும்.

பெரியவர்களிடம் உடம்பு எப்படி என்று கேட்டால் ‘நல்லாருக்கு’ என்றுதான் பதில் வரும். எதை விட்டுவிட்டார்கள் என்று கேளுங்கள். மாடியா, கடைக்கு நடப்பதா, பேரனைத் தூக்குவதா? வந்த பதிலை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.

அவர் வீட்டுக் கட்டில் இன்னும் கீழேதான் இருக்கிறது. ஏப்ரலில் லீக் (வெங்காய வகைக் காய்கறி) நாற்று நட மச்சானோடு தோட்டத்துக்குப் போய்வந்தாராம்.