டபுள் போட்டா டபுள் ஸ்பீடா?

இந்த எக்ஸ்பெரிமென்ட்ட லேப்ல நிறைய பேர் பண்ணியிருப்பீங்க. வெள்ளைப் பேப்பர்ல ஒரு பெருக்கல் குறி போட்டு, அது மேல கோனிக்கல் ஃப்ளாஸ்க்க வச்சு, சோடியம் தயோசல்பேட் கரைசல ஊத்தி கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டா மொதல்ல ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும், அப்புறம் லேசா கலங்கி, கந்தகம் பொடிப்பொடியா பிரிஞ்சு வெளுத்து, மூக்குல சல்பர் டை ஆக்சைடு நெடி ஏறுறதுக்குள்ள கீழ போட்ட குறி மறைஞ்சே போயிடும். தயோசல்பேட்ல சரிபாதி தண்ணி கலந்துட்டு திரும்பப் பண்ணா குறி மறைய கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நேரம் ஆகும். மூலக்கூறு கம்மி, மோதல் கம்மி, அவ்ளோதான்.

இதப் பாத்துட்டு எல்லா ரியாக்ஷனும் இப்படித்தான், செறிவ (பொருள் எவ்ளோ அடர்த்தியா கலந்திருக்குங்கறத) டபுள் பண்ணா வேகமும் டபுள்னு நெனச்சுடுறோம். நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோட சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு ஆகுறத எடுத்துக்குங்க. இங்க வேகம் நைட்ரிக் ஆக்சைடு செறிவோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும், அதாவது டபுள் பண்ணா 4 மடங்கு, மூணு மடங்கு போட்டா 9 மடங்கு. தலைகீழா பாத்தா இன்னும் சுவாரஸ்யம்: வண்டி சைலன்சர்ல இருந்து வர்ற இந்த வாயு வெளிக்காத்துல கலந்து 1000 மடங்கு நீர்த்துப்போச்சுன்னா வேகம் 10 லட்சம் மடங்கு விழுந்துடும், அதனால ரோட்டுல அத மாத்துற வேலைய பெரும்பாலும் ஓசோன்தான் பாக்குது. பொறந்த குழந்தைங்க சிலருக்கு நுரையீரல் ரத்தக்குழாய் விரியறதுக்கு இதே வாயுவ மூச்சுல குடுக்குறாங்க, அளவு வெறும் 10 லட்சத்துல 20 பங்கு மாதிரிதான், அதையும் ஆக்சிஜனோட ரொம்ப நேரம் சேர்ந்திருக்க விடமாட்டாங்க, ஏன்னா உருவாகுற டை ஆக்சைடு நுரையீரலுக்கு விஷம்.

இந்த ரியாக்ஷனோட சமன்பாட்டுல 2NO-னு இருக்கு, அதுக்காக 2 இருந்தா வர்க்கம்னு மனப்பாடம் பண்ணிடாதீங்க. ஹைட்ரஜன் பெராக்சைடு உடையுற சமன்பாட்டுலயும் 2 இருக்கு, ஆனா அயோடைட வினையூக்கியா (ரியாக்ஷன வேகப்படுத்துற பொருளா) போட்டு உடைச்சா பெராக்சைட டபுள் பண்ணும்போது வேகம் டபுள்தான் ஆகுது. ரியாக்ஷன் பல படியா நடக்குது, அதுல மந்தமான படிதான் மொத்த வேகத்தையும் முடிவு பண்ணுது, அதனால அளந்துதான் பாக்கணும். 1850லயே வில்ஹெல்மிங்குற ஜெர்மன்காரர் ஆசிட்ல சர்க்கரை உடையுற வேகத்த, கரைசல் வழியா போற ஒளியோட அதிர்வுத் திசை எவ்ளோ திரும்புதுன்னு பாத்துப் பாத்து அளந்திருக்கார்.

செறிவ ஏத்தினாலும் வேகம் அசையாத கேஸும் உண்டு, சரக்கு. கல்லீரல்ல ஆல்கஹால உடைக்கிற என்சைம் சீக்கிரமே ஹவுஸ்ஃபுல் ஆயிடும், ரேஷன் கடையில ஒரே தராசு இருந்தா க்யூ தெருமுனை வரைக்கும் நின்னாலும் அரிசி அதே வேகத்துலதான் வரும்ல, அந்தக் கதைதான். எவ்ளோ குடிச்சாலும் மணிக்கு இவ்ளோன்னுதான் கொறையும், பிளாக் காபியும் மோரும் அந்த வேகத்த மாத்தாது. ரத்தத்துல அளவு நல்லா எறங்கி என்சைம் கொஞ்சம் காலியான பிறகுதான் வேகம் மறுபடியும் செறிவப் பாத்து மாற ஆரம்பிக்கும்.