ஒரு வேளை மெதடோன், மீதி நாளுக்கு?

ஹெராயினுக்கு அடிமையானவருக்கு ஓய்வே கிடையாது. பணம் புரட்ட வேண்டும், விற்பவனைத் தேடிப் பிடிக்க வேண்டும், ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்; சில மணி நேரத்தில் உடம்பு நடுங்கத் தொடங்கினால் மறுபடியும் முதலிலிருந்து. மெதடோன் என்ற மருந்து இந்தச் சுற்றை நிறுத்துகிறது. மூளை செல்களில் ஹெராயின் பற்றிக்கொள்ளும் அதே ஏற்பிகளில்தான் (மருந்து வந்து ஒட்டும் இடங்களில்) இதுவும் அமர்கிறது. ஆனால் போதையை உச்சத்துக்கு ஏற்றாமல் ஒரு நாள் முழுக்கத் தாக்குப்பிடிக்கிறது. 1965இல் நியூயார்க்கில் மருத்துவர்கள் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் இருவரும் இந்தச் சிகிச்சையின் முதல் முடிவுகளை வெளியிட்டனர்.

புறநோயாளி காலையில் வந்து மருந்தைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார். அதன்பின் அந்த நீண்ட நாளை என்ன செய்வது? பழைய கூட்டாளியைத் தவிரப் பேச ஆள் இல்லை. வேலை இல்லை, வீட்டில் நம்பிக்கை இல்லை. ஆலோசகரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

அவர் அறிவுரை சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. துருவித் துருவிக் கேட்கிறார்: கடைசியாகப் போட்டபோது மணி என்ன? எந்தத் தெரு? கையில் எவ்வளவு பணம்? இப்படிக் கேட்கக் காரணம் இருக்கிறது. பலமுறை போதையோடு சேர்ந்தே வந்த இடமும் ஆளும் மூளையில் பதிந்துவிடுவதால், அவற்றைப் பார்த்தாலே ஏக்கம் கிளம்புகிறது. சம்பள நாளில்தான் மறுபடியும் போதைக்குத் திரும்புகிறார் என்று தெரிந்தால், அன்று பணத்தை யாரிடம் கொடுத்துவைப்பது, எந்த வழியாக வீடு திரும்புவது என்று இருவரும் முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள். கடன், வழக்கு, வீட்டு வாடகை எல்லாமே இந்தப் பேச்சில் வரும்.

பலன் உண்டா? 1993இல் மெக்லெல்லனும் சகாக்களும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 92 பேருக்குப் போதிய அளவு மெதடோன் தரப்பட்டது. ஆலோசனையின் அளவில்தான் வேறுபாடு. ஏறக்குறைய மருந்து மட்டுமே பெற்றவர்களில் 69 சதவீதம் பேரைக் கூடுதல் கவனிப்புக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ஆனால் 2011இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு (பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் ஆய்வு), வழக்கமான சிகிச்சையோடு தனி உளச்சிகிச்சை முறைகளைச் சேர்த்ததால் தெளிவான கூடுதல் பலன் தெரியவில்லை என்றது. இரண்டும் மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த 'வழக்கமான சிகிச்சை'யில் பெரும்பாலும் ஓரளவு ஆலோசனை ஏற்கெனவே கலந்திருந்தது.

ஆலோசனைக்கு வராதவருக்கு மருந்தை மறுக்கலாமா என்றால், உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூடாது என்கிறது. ஆலோசனையை எல்லோருக்கும் வழங்க முன்வர வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது. மருந்தை நிறுத்தினால், போதைப்பொருளைத் தாங்கும் உடலின் திறன் சில நாட்களிலேயே இறங்கத் தொடங்கிவிடும். பழைய அளவில் ஹெராயினைப் போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுபோகலாம். சிகிச்சையை விட்ட முதல் நான்கு வாரங்களில்தான் இறப்பு அபாயம் மிக அதிகம்.