மைனஸ் பவருக்கும் மொட்டை மாடிக்கும் என்ன சம்பந்தம்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் எங்கள் கண் கிளினிக்கில் கூட்டம் ஏறிவிடும். "போர்டு தெரியலைன்னு டீச்சர் எழுதி அனுப்பியிருக்காங்க" என்று பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். பார்த்துவிட்டு மைனஸ் பவர், அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் கிட்டப்பார்வை, என்று சொன்னதும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். கேரட் கொடுக்கலாமா, பொன்னாங்கண்ணிக் கீரை கொடுக்கலாமா, மீன் எண்ணெய் மாத்திரை எழுதித் தருவீர்களா? கீரை நல்லதுதான், தாராளமாகக் கொடுங்கள். ஆனால் கிட்டப்பார்வைக்கும் கீரைக்கும் சம்பந்தம் இல்லை. நான் திருப்பிக் கேட்பது வேறு: "பையன் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளியில இருக்கான்?"

பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். அம்மா அப்பாவைப் பார்ப்பார், அப்பா பையனைப் பார்ப்பார். காலையில் வேன், பிறகு வகுப்பு, மறுபடி வேன், டியூஷன், ஹோம்வொர்க், அப்புறம் போன். "ஞாயித்துக்கிழமை மால் போவோம் டாக்டர்" என்பார்கள். மாலுக்கும் கூரை இருக்கிறதே!

வெளியில் இருப்பதற்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறந்த குழந்தையின் கண், முன்னிருந்து பின்னாக ஏறக்குறைய 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பெரியவர்களுக்கு 23, 24 மில்லிமீட்டர். பிள்ளை வளர வளரக் கண்ணும் நீள்கிறது; அளவாக நீண்டு நின்றுவிட்டால் பார்வை சரியாக இருக்கும். நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நீண்டுகொண்டே போனால் அதுதான் கிட்டப்பார்வை. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலே இரண்டரை, மூன்று என்று மைனஸ் பவர் ஏறிவிடும். நல்ல வெளிச்சம் கண்ணுக்குள் போகும்போது விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. அது கண்ணின் நீளத்தைக் கட்டுக்குள் வைக்க உதவுகிறது என்பதுதான் இப்போது பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

போன்தான் காரணம் என்று எல்லாப் பழியையும் அதன் மேல் போட்டுவிடுகிறோம். போனை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 2008இல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும், 6, 7 வயதான, சீன வம்சாவளிப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். சிங்கப்பூரில் 29 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3 சதவீதம்தான். இத்தனைக்கும் சிட்னிப் பிள்ளைகள்தான் அதிகம் புத்தகம் படித்தார்கள். வேறுபாடு எங்கே இருந்தது? சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குப் பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்தார்கள். சிங்கப்பூரில் அது மூன்று மணி நேரம்.

சீனாவின் குவாங்சௌ நகரில் 12 தொடக்கப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பள்ளிகளில் மட்டும் தினமும் 40 நிமிடம் வெளியில் ஒரு வகுப்பைச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டு முடிவில், அந்தப் பள்ளிகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் சுமார் 30 சதவீதம். மற்ற பள்ளிகளில் சுமார் 40 சதவீதம். தைவான் 2010இலேயே பள்ளிப் பிள்ளைகள் தினமும் 120 நிமிடம் வெளியில் இருக்க வேண்டும் என்று ஒரு தேசியத் திட்டம் கொண்டுவந்துவிட்டது.

"எங்க வீட்டு ஹால்ல நல்ல வெளிச்சம் டாக்டர்" என்பது அடுத்து வரும் பதில். இதற்கு நான் போனைத்தான் துணைக்கு அழைக்கிறேன். வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் காட்டும் ஆப்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. துல்லியம் இருக்காது, ஆனால் வித்தியாசம் புரிய அது போதும். ட்யூப்லைட் எரியும் ஹாலில் பிள்ளை உட்காரும் இடத்தில் போனை வையுங்கள். நூறு, இருநூறு, மிஞ்சிப் போனால் முந்நூறு காட்டும். ஜன்னலோரம் கொண்டு போனால் எண் குதிக்கும். நாலைந்து அடி உள்ளே வந்தால் சரசரவென்று இறங்கிவிடும். அதையே எடுத்துக்கொண்டு காலை எட்டு மணிக்கு மொட்டை மாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று பாருங்கள். பல ஆயிரம் காட்டும். உச்சி வெயில் ஒரு லட்சம் வரை போகும். நம் கண் ரொம்பச் சாமர்த்தியமாக அட்ஜஸ்ட் செய்துகொள்வதால் ஹாலுக்கும் மாடிக்கும் இவ்வளவு வித்தியாசம் என்று நமக்கு உறைப்பதே இல்லை. மேகம் மூடிய நவம்பர் நாளில்கூட வெளியில் இருப்பது வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

சரி, ஏப்ரல் மே மாதத்தில் இந்த ஊரில் பிள்ளையை வெயிலில் நிறுத்த முடியுமா? முடியாது, நிறுத்தவும் வேண்டாம். தைவானில் நடந்த இன்னோர் ஆய்வு நமக்காகவே செய்ததுபோல் இருக்கிறது. மர நிழலில் கிடைக்கும் ஆயிரம் லக்ஸ் வெளிச்சமே, போதுமான நேரம் கிடைத்தால் பயன் தருகிறது என்று அதில் தெரிந்தது. ஆக, வேப்பமரத்தடி போதும், புங்கமரத்தடி போதும். தொப்பி போட்டுக்கொண்டாலும் பலன் போய்விடாது. கோடையில் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய், "டாக்டர் சொல்லியிருக்காங்க, ரெண்டு மணி நேரம் மாடியில நில்லு" என்று பையனை அனுப்பினால் பத்தே நிமிடத்தில் இறங்கி வந்துவிடுவான். ஏன் இருக்க வேண்டும்? அங்கே பார்க்க என்ன இருக்கிறது? செடியும் பூச்சியும் பறவையும் எனக்குத் தேவைப்படுவது இங்கேதான். வெளிச்சம் தன் வேலையைத் தானாகச் செய்துகொள்ளும். பிள்ளையை அங்கே பிடித்து வைக்க உயிருள்ள ஏதாவது ஒன்று வேண்டும்.

நான் முதலில் சொல்வது ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. அழகுச் செடி வேண்டாம், கறிவேப்பிலைதான். வெயில் படும் இடத்தில் வைத்து, மருந்து அடிக்காமல் விட்டால், கறுப்பும் மஞ்சளுமாக ஒரு வண்ணத்துப்பூச்சி தேடிக்கொண்டு வரும். இளந்தளிரில் கடுகைவிடச் சின்னதாக, வெளிர் மஞ்சளாக முட்டை வைக்கும். சில நாளில் புழு வெளியே வரும். முதலில் அது பார்ப்பதற்குக் காக்கை எச்சம் மாதிரியே பழுப்பும் வெள்ளையுமாக இருக்கும். பறவைகள் தின்னாமல் தப்பிக்க அந்த வேஷம். தோல் உரித்து உரித்து வளர்ந்தபின் பச்சையாக மாறி இலையோடு இலையாக ஒட்டிக்கொள்ளும். அப்போது ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீளும், கூடவே ஒரு நெடியும் வரும். இதைக் காட்டிய பிறகு பையனைத் தினமும் மாடிக்குப் போகச் சொல்ல வேண்டியதே இல்லை. முட்டையிலிருந்து பூச்சி பறக்கும்வரை ஏறக்குறைய ஒரு மாதம் ஓடும். இலை கொஞ்சம் மொட்டையாகும். ரசத்துக்கு அந்த மாதம் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது பறவை. பறவைக்கு இன்னொரு நன்மை உண்டு, அது தூரத்தில் இருக்கும். புத்தகமும் போனும் ஒரு முழத்துக்குள் கட்டிப்போட்டிருக்கும் பார்வை, மரத்தின் உச்சிக்குப் போகும்போதுதான் தளர்கிறது. கோடையில் தெருவில் எங்கோ சம்மட்டி தட்டுவதுபோல் விடாமல் "டொக் டொக்" என்று கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். உள்ளங்கையில் அடங்கும் பச்சைக் குருவி. இலையோடு கலந்துவிடுவதால் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு வேண்டும்! மின்கம்பியில் வால் பிளந்த கரிச்சான் உட்கார்ந்து, பறந்துபோய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். இதற்கெல்லாம் பைனாகுலர் வேண்டாம், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. குளிர்காலத்தில் ஒரு விடுமுறை நாளில் பள்ளிக்கரணைக்கோ வேடந்தாங்கலுக்கோ கூட்டிப் போவது நல்லதுதான். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் வேடந்தாங்கலைவிடத் தினமும் எதிர்வீட்டு முருங்கைமரம் கண்ணுக்கு அதிகம் செய்யும்.

"நேரமே இல்லை" என்பவர்களுக்கு நான் புதிதாக எதையும் சேர்க்கச் சொல்வதில்லை. கூரைக்குக் கீழே செய்வதில் சிலவற்றை வெளியே நகர்த்துங்கள், அவ்வளவுதான். காலை டிபனை பால்கனியில் கொடுக்கலாம். ஒப்பிக்கிற பாடத்தை மாடியில் நடந்துகொண்டே ஒப்பிக்கலாம். தாத்தா பால் வாங்கப் போகும்போது பேத்தியும் நடந்து போகலாம். கோலம் போடும் வீட்டில் புள்ளி வைக்கும் வேலையைப் பிள்ளையிடம் விடலாம். கோணல் மாணலாகத்தான் வரும், விடுங்கள். கோடையில் வடகம் காயப்போட்டால் காக்கைக்குக் காவல் யார் என்று கேட்கவே வேண்டாம். நிழலில் நாற்காலி மட்டும் போட்டுக் கொடுங்கள்.

பெரியவர்களுக்கு இனி பவர் குறையப் போவதில்லை. ஆனாலும் காலை வெளிச்சம் நம் உடம்புக் கடிகாரத்தைச் சரிசெய்து இரவுத் தூக்கத்துக்கு உதவுகிறது. திரையைப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது குறைந்து கண் உலர்ந்துபோகிறது. மாடிக்குப் போய் நாலு மரத்தைப் பார்த்தால் அந்த உறுத்தலும் கொஞ்சம் அடங்கும். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையோடு இருந்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். ஒரே தடவையில் இருந்தாலும் பிரித்துப் பிரித்து இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆபீஸ் போன் பேசும்போது மாடியில் நடந்தாலே அதில் பாதி வந்துவிடும்.

சில எச்சரிக்கைகள். வெளியில் இருப்பது கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில்தான் நன்றாக வேலை செய்கிறது. வந்துவிட்ட பவரை அது போக்காது, ஏறும் வேகத்தைக் குறைப்பதிலும் அதன் பங்கு சின்னதுதான். எனவே கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பூங்காவுக்குப் போனால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆண்டுதோறும் பவர் ஏறும் பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும் சிறப்புக் கண்ணாடிகளும் இருக்கின்றன. கண் மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். அப்பா அம்மா இருவருமே மைனஸ் கண்ணாடி போட்டவர்கள் என்றால் போர்டு தெரியாமல் போகும்வரை காத்திருக்காமல் ஐந்து வயதிலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள். மைனஸ் ஆறைத் தாண்டியவர்களுக்குத் திடீரென்று கண்ணில் மின்னல் வெட்டுவதுபோல் தெரிந்தாலோ, கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ அன்றைக்கே வர வேண்டும், விழித்திரை விலகுவதன் அறிகுறியாக இருக்கலாம். இன்னொன்று, சூரியனை உற்றுப் பார்த்தால் பார்வை கூடும் என்று சில வீடியோக்கள் சுற்றுகின்றன. பார்வை கூடாது, விழித்திரை கருகும். வெளிச்சத்தில் இருக்க வேண்டும். சூரியனைப் பார்க்கக் கூடாது.

வீட்டில் என்னதான் முயன்றாலும் வாரநாளில் பகல் வெளிச்சத்தின் பெரும்பகுதி பள்ளியிடம்தான் இருக்கிறது. பிடி பீரியடைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் வாங்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது, அதைத் திருப்பித் தருவதும் இல்லை. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைப் பற்றிப் பேசி முடித்த பிறகு, பிள்ளைகள் மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வகுப்பறையிலேயே என்றால், மரத்தடியிலோ திறந்த வராந்தாவின் ஓரத்திலோ உட்கார வைக்க முடியுமா என்று கேட்கலாம். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், காலை இடைவேளைக்குப் பத்து நிமிடம் என்றால், பாடத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையாமல் தினமும் அரை மணி நேரம் அங்கேயே கிடைத்துவிடும். மீதியை மாலையில் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.