‘கிளேசியல்’ என்றால் பனிப்பாறையா?

வினாகிரிக்குப் புளிப்பைத் தரும் அசற்றிக்கமிலம், நீர் ஏறத்தாழக் கலவாத நிலையில் ஆங்கிலத்தில் ‘கிளேசியல் அசெற்றிக் அசிட்’ எனப்படும். அதைத் தமிழாக்கியிருக்கிறார்கள்: “பனிப்பாறை அசிட்டிக் அமிலம்.” இறக்குமதிப் போத்தலோடு வரும் பாதுகாப்புத் தாளிலும் இதுதான், அச்சாறு போட்டு விற்பவர்களுக்கான பயிற்சிக் கையேட்டிலும் இதுதான், இப்போது ரியூட்டரிக் குறிப்புகளிலும் இதுதான். கிரீன்லாந்தில் வெட்டி எடுத்துக் கப்பலில் ஏற்றிய சாமான் என்று பிள்ளைகள் நினைத்தால் அவர்களில் பிழையில்லை.

சொல்லின் கதை சிறியது. இலத்தீனில் ‘அசெற்றம்’ என்றால் வினாகிரி, ‘கிளாசியெஸ்’ என்றால் ஐஸ். நீர் ஏறத்தாழ முற்றாக நீங்கிய அசற்றிக்கமிலம் 16.6 பாகை செல்சியஸில் உறையும். ஐரோப்பியக் குளிரில் ஆய்வுகூட அலுமாரிக்குள் இருந்த போத்தல் விடியும்போது கண்ணாடிக் கட்டியாகிக் கிடக்க, அதைப் பார்த்து வைத்த பெயர். நூற்றில் ஒரு பங்கு நீர் சேர்ந்தாலே உறைநிலை ஒன்றரை, இரண்டு பாகை இறங்கிவிடும் என்பதால், அந்த வெப்பநிலையில் உறைவதே சரக்கு சுத்தம் என்பதற்கு அத்தாட்சி. இதுவும் வினாகிரியில் உள்ளதும் வெவ்வேறு அமிலங்கள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். இரண்டும் ஒன்றே என்று 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரான பியர் அடே காட்டினார்.

இதில் பாறை எங்கிருந்து வந்தது? அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டதால் வந்தது. இங்கே ‘கிளேசியல்’ என்பது ஐஸ் போன்றது என்ற அடைமொழி மட்டுமே. மலைச்சரிவில் நகரும் பனிக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த நகரும் பனியைக்கூட எங்கள் புவியியல் புத்தகங்கள் பனிக்கட்டியாறு என்றுதான் சொல்லும். ஆக இது மொழிபெயர்ப்பாகவும் பிழை, புவியியலாகவும் பிழை.

“சரி, பாறையை விடுவோம், பனி அசற்றிக்கமிலம் என்போமே” என்று சமாதானம் பேசுகிறவர்கள் உண்டு. அதையும் நான் ஏற்கமாட்டேன். யாழ்ப்பாணத்தில் பனி என்றால் மார்கழிப் பனி. “பனிக்குள்ள நிக்காதை, தலையில துவாயைப் போடு” என்று ஆச்சிமார் சொல்லும் பனி. அது ஐஸ் இல்லை. தை மாத விடியற்காலையிலும் எங்கள் ஊரில் வெப்பநிலை 16 பாகைக்கு இறங்குவது மிக அரிது. நுவரெலியாவில் படிப்பிக்கும் ஆசிரியர் போத்தல் உறைவதைக் கண்டிருப்பார், இங்குள்ளவர் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தாலொழியக் காணமாட்டார். அப்படி வைத்துப் பார்த்தாலும் ஒப்புமை பாதி வழியில் நின்றுவிடும். ஐஸ் தண்ணீரில் மிதக்கும். உறைந்த அசற்றிக்கமிலமோ தன் திரவத்தைவிட அடர்த்தி கூடியது, அடியில் போய்க் கிடக்கும்.

எனக்கு உண்மையான ஆத்திரம் வேறு இடத்தில். பனி என்றதும் குளிர்ச்சிதான் மனதில் எழும். இந்தத் திரவத்தின் ஆவி 39, 40 பாகையிலேயே தீப்பற்றக்கூடியது. சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட களஞ்சிய அறை அந்தச் சூட்டைச் சுலபமாகத் தொடும். வினாகிரியில் அசற்றிக்கமிலம் 4, 5 வீதம். இதில் 99 வீதத்துக்கு மேல். கையில் பட்டால் உடனே எரிவு தெரியாமலும் இருக்கலாம், பிறகுதான் கொப்புளம் போடும். இப்படியான ஒன்றுக்குப் ‘பனி’ என்று பெயர் சூட்டுகிறோம்.

மாற்றாக வந்தவற்றில் ‘உறை அசற்றிக்கமிலம்’ ஓரளவு யோசித்துச் செய்த சொல். ஆனால் றப்பர்ப்பாலை உறையவைக்கவும் இதே அமிலத்தை நீர் கலந்து ஐதாக்கிப் பயன்படுத்துவார்கள். களுத்துறை, கேகாலைப் பக்கம் றப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவரிடம் ‘உறை அமிலம்’ என்று சொல்லிப் பாருங்கள். உறைகிற அமிலம் என்றா எடுப்பார், உறையவைக்கிற அமிலம் என்றா? ‘நீரற்ற அசற்றிக்கமிலம்’ இன்னும் ஆபத்து. அசற்றிக் நீரிலி என்று வேறொரு பொருள் இருக்கிறது. இரண்டு அசற்றிக்கமில மூலக்கூறுகள் ஒரு நீர் மூலக்கூறை இழந்தால் வருவது. நீரற்றதும் நீரிலியும் பக்கத்துப் பக்கத்தில் அலுமாரியில் நின்றால் யார் பொறுப்பு? ‘தூய’ என்று போட்டால் சமையலுக்கு நல்லதாக்கும் என்று வாங்கிப் போய்விடுவார்கள். ‘காடி அமிலம்’ என்ற தனித்தமிழ் ஆசையும் அப்படித்தான். காடி அழகான பழஞ்சொல், புளித்த கஞ்சிக்கும் வினாகிரிக்கும் உரியது. அதைக் குசினியோடு விட்டுவிடுவோம்.

நான் சொல்வது ‘முழுச்செறிவு அசற்றிக்கமிலம்’. செறிந்த, ஐதான என்ற இரு சொற்களையும் சாதாரண தரப் பிள்ளையே அறியும். புதிதாக ஒன்றும் படிக்கத் தேவையில்லை. உறைநிலை பெயரில் இல்லையே என்பீர்கள். அது பாடத்தில் இருக்கட்டும், போத்தலில் தெரியவேண்டியது செறிவு.

இதற்கு ‘வலுவான அசற்றிக்கமிலம்’ என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். வன்மை வேறு, செறிவு வேறு. வன்மை என்பது நீரில் எவ்வளவு பங்கு அயனாகிறது என்பது, செறிவு என்பது எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பது. அசற்றிக்கமிலம் எவ்வளவு செறிந்தாலும் மென்னமிலமே. லீற்றருக்கு ஒரு மோல் செறிவுள்ள கரைசலில் ஆயிரம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ நாலுதான் அயனாகும். நீரே இல்லாத நிலையில் அதுவும் மிகக் குறைவு. மின்னைக் கடத்துவது பெயருக்குத்தான். நீரைச் சேர்க்கச் சேர்க்கக் கடத்துதிறன் ஏறி, ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்கும். ஆனால் மென்னமிலம் என்பதால் தோலைச் சுடாது என்று எண்ணக்கூடாது.

பழைய ஸ்ரூடியோக்களின் இருட்டறையில் படம் கழுவியவர்களுக்கு இந்த வில்லங்கம் ஒன்றும் இருக்கவில்லை. துளைக்கும் அந்த மணத்தை வைத்தே போத்தலை அறிந்து, தண்ணீரில் கொஞ்சமாக ஊற்றி, படத்தை வெளிக்கொணரும் உருத்துலக்கியின் வேலையை நிறுத்தும் கரைசலாக்கினார்கள். வாயில் ‘கிளேசியல்’ என்றே சொன்னார்கள். அந்தச் சொல்லோடு எனக்குப் பகையில்லை. அரைகுறைத் தமிழைவிட ஒலிபெயர்ப்பு மேல்.

1860களில் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிறீன், சொல்லுக்குச் சொல் மாணவரோடு இருந்து தமிழாக்கம் செய்த ஊர் இது. இன்று கணினி துப்புவதை ஒருவரும் வாசிக்காமலே அச்சுக்கு விடுகிறார்கள். ஒரே தாளில் மேலே ‘அடர் அமிலம்’, கீழே ‘செறிந்த அமிலம்’; ஓரிடத்தில் ‘நீர்த்த’, இன்னோரிடத்தில் ‘ஐதான’. தமிழ்நாட்டு வழக்கும் நல்லது, எங்கள் வழக்கும் நல்லது. இரண்டையும் ஒரு பந்தியில் கலந்தால் இரண்டு வெவ்வேறு அமிலங்களோ என்று மாணவர் தடுமாறுவர்.

போத்தலுக்கு இவ்வளவு போதும்: “முழுச்செறிவு அசற்றிக்கமிலம் (கிளேசியல்). உணவுக்கன்று. தோலைச் சுடும். தீப்பற்றும். ஐதாக்கும்போது அமிலத்தை நீருக்குள் ஊற்றுக.”