‘பையன் வீட்லதான் இருக்கான்’

தருமபுரி நாலு ரோடு பக்கத்தில் வருமான வரி, ஜிஎஸ்டி கணக்கு பார்க்கிற சின்ன ஆபீஸ் என்னுடையது. முன்பெல்லாம் என் மேசைக்கு எதிரே மண்டிக்காரர்களும் லாரி வைத்திருப்பவர்களும் கிரானைட் தொழில் செய்பவர்களும்தான் உட்காருவார்கள். இப்போது அவர்களுக்கு நடுவே லேப்டாப் பையோடு பிள்ளைகள். 2020 ஊரடங்கில் பெங்களூரிலிருந்தும் ஓசூரிலிருந்தும் ஊருக்கு வந்தவர்களில் சிலர் திரும்பிப் போகவே இல்லை. பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் அரூரிலும் வீட்டு மாடியில் உட்கார்ந்து வெப்சைட் செய்கிறார்கள், வீடியோ எடிட் செய்கிறார்கள், மொழிபெயர்க்கிறார்கள்.

கூடவே அப்பாவோ அம்மாவோ வருவார்கள். “தம்பி என்ன பண்றாப்ல?” என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: “வீட்லதான் இருக்கான் மேடம்.”

ராத்திரி 2 மணி வரை அமெரிக்காக்காரருக்கு வேலை செய்துவிட்டு அந்தப் பையன் 9 மணிக்கு எழுந்தால் தெருவுக்கே அவன் சோம்பேறி. சிலிண்டர் வந்தால் வாங்கி வைக்க அவன், ரேஷன் கடை வரிசைக்கு அவன், பக்கத்து வீட்டுச் சாவிக்கும் அவன். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போனால், “இன்னிக்கு உனக்கு லீவுதானே, சித்தியைப் பஸ் ஏத்திட்டு வந்துடு” என்பார்கள். அன்று சாயங்காலம்தான் அவன் வேலையை ஒப்படைக்க வேண்டிய கடைசி நேரமாக இருக்கும். மொழிபெயர்ப்பு செய்யும் ஒரு பெண் சொன்னாள், மும்பையோடு மீட்டிங் இருக்கிற நாட்களில் அம்மாவிடம் கெஞ்சி 10 மணிக்குள் குக்கரை இறக்க வைப்பாளாம். ஒரு நாள் அது தவறிப்போய், மூன்றாவது விசிலில் மும்பைப் பக்கத்து அம்மாள், “உங்க வீட்டிலும் இன்னிக்குப் பருப்பா?” என்று கேட்டுவிட்டாராம். அவளோடு சேர்ந்து நானும் வெகுநேரம் சிரித்தேன்.

இன்னொருவன் பெண் பார்க்கப் போய் வந்து நேராக என்னிடம் வந்தான். “பொண்ணு வீட்ல ஐடி கார்டு கேக்கறாங்க மேடம். நீங்க ஒரு சர்டிபிகேட் குடுங்களேன்.” அவனிடம் காட்ட எதுவுமே இல்லை. பில் போட்டதில்லை, ரிட்டர்ன் போட்டதில்லை. வேலை கொடுத்தவரோடு அவனுக்கிருந்த ஒப்பந்தம் முழுவதும் வாட்ஸ்அப்பில் ஒரே வரி: “ஓகேண்ணா, பண்ணிடறேன்.”

வீட்டார் இதை வேலை என்று நினைக்காததில் எனக்கு அவர்கள்மேல் வருத்தமில்லை. வேலை செய்கிறவரே அதைத் தொழிலாக எழுதி வைக்காததுதான் என் வருத்தம். அதனால் போகிற பணத்தை நான் கண்ணால் பார்க்கிறேன்.

பென்னாகரம் பக்கத்துத் தம்பி ஒருவன். வெளியூர்க் கம்பெனி ஒன்றுக்கு வெப்சைட் பராமரிப்பு, மாதம் 40,000 ரூபாய் பேச்சு. வங்கியில் விழுந்தது 36,000. மீதி 4,000 ஏதோ கமிஷன் என்று இரண்டு வருஷம் இருந்துவிட்டான். அப்பா வீட்டுக் கடனுக்குப் போனபோது வங்கியில் மகனுடைய வருமான வரி ரிட்டர்னைக் கேட்டிருக்கிறார்கள். அப்போதுதான் வந்தான். அவன் பான் எண்ணைப் போட்டு 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தால், வருஷத்துக்கு 48,000 வீதம் 96,000 ரூபாய் டிடிஎஸ் ஆக, அதாவது பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரியாக, பிடித்து அவன் பெயரிலேயே கட்டியிருக்கிறார்கள். தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் பிடிப்பது சட்டம். கமிஷன் என்று அவன் நினைத்தது அவனுடைய சொந்தப் பணம்.

அவனுக்கு உண்மையில் வரியே கிடையாது. அந்த வருஷங்களுக்குப் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில், பட்டியலிட்ட தொழில்களில் இருப்பவர் வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். வரவு 50 லட்சம் வரை இந்த வசதி உண்டு. ரொக்கமாக வாங்கியது 5 சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை. தகவல் தொழில்நுட்பம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அவனுடைய 4,80,000-இல் பாதி 2,40,000, வரிக்குக் கீழே. அந்தந்த வருஷம் ரிட்டர்ன் போட்டிருந்தால் பிடித்தது முழுக்கத் திரும்பியிருக்கும். தாமத ரிட்டர்னுக்கான டிசம்பர் 31 கெடுவும் இரண்டு வருஷத்துக்கும் தாண்டிவிட்டது. பழைய வருஷத்துக்குத் திருத்திப் போடும் ‘அப்டேட்டட் ரிட்டர்ன்’ 48 மாதம் வரை போடலாம் என்பது உண்மைதான், ஆனால் அதில் ரீஃபண்ட் கேட்க முடியாது. மிஞ்சியது, தாமதத்தை மன்னிக்கக் கேட்டு வருமான வரி ஆணையருக்கு மனு போடும் வழி மட்டும். காரணத்தை நிரூபிக்க வேண்டும். கிடைக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை.

“12 லட்சம் வரைக்கும் வரி இல்லைன்னாங்களே, அப்புறம் எதுக்கு ரிட்டர்ன்?” என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். 2025-26 முதல் புதிய முறையில் வரும் அந்தச் சலுகை, கணக்கிட்ட வரியில் தரும் ஒரு தள்ளுபடிதான். வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினாலே ரிட்டர்ன் கட்டாயம். வருஷத்தில் 25,000 ரூபாயோ அதற்கு மேலோ டிடிஎஸ் பிடித்திருந்தால், வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் கட்டாயம். மொழிபெயர்ப்பு, கன்டென்ட் எழுதுவது போன்றவை மேலே சொன்ன தொழில் பட்டியலில் பெயர் சொல்லி வருவதில்லை. அந்த வேலை செய்பவர்கள் செலவுக் கணக்குக் காட்ட, இன்டர்நெட் பில், லேப்டாப், யுபிஎஸ் வாங்கிய ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஜிஎஸ்டி பதிவு, பொதுவாக ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான். வெளிநாட்டு வரவும் அந்தக் கணக்கில் சேரும்.

பணம் வராத கதைதான் என் மேசையில் அதிகம் அழுகையோடு வருவது. வேலை முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும், “அக்கவுண்ட்ஸ்ல சொல்லிட்டேன்” என்பார்கள், அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள். இதற்கு நம் கையில் ஒரு சட்டம் இருக்கிறது, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். மாடியில் ஒற்றை ஆளாக வேலை செய்கிறவரும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதியலாம். ஆதாரும் பானும் போதும், கட்டணம் ஒரு பைசா கிடையாது. (இதற்குக் காசு வாங்கும் போலித் தளங்கள் இருக்கின்றன, அரசுத் தளமா என்று பார்த்துவிட்டு நுழையுங்கள்.) பதிந்தவருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் வந்தாக வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுத்து முடிக்கிற வருஷம் வரை கம்பெனி தன் செலவாகக் கழிக்கவும் முடியாது. பில்லில் உத்யம் எண்ணைப் போட்டு அனுப்புங்கள். அதைப் பார்த்ததும் பல கணக்குப் பிரிவுகள் சட்டென்று விழித்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். அதற்கும் அசையாவிட்டால் சிறு தொழில்களின் நிலுவைத் தொகைக்கான அரசுத் தளத்தில் புகார் கொடுக்கலாம். வெளிநாட்டுக்காரரிடம் இது செல்லாது. அங்கே முன்பணம்தான் காவல்.

முன்பணம் நம்மிடம் வர வேண்டியது. “வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, முதலில் டெபாசிட் கட்டுங்கள்” என்று எவராவது கேட்டால் அது வேலை இல்லை, மோசடி. ஏற்கனவே கட்டிவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

பென்னாகரத்துத் தம்பியின் மனுவை அனுப்பிய அன்று அவனை உத்யமிலும் பதிந்தோம். அப்பாவும் கூட இருந்தார். நிறுவனத்தின் பெயர் என்ற கட்டம் வந்தது. “பேரா? இவன் வீட்லதானேம்மா இருக்கான்” என்றார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, குலதெய்வத்தின் பெயரைச் சொன்னார். தம்பி இங்கிலீஷில் ஒரு பெயர் முடிவு செய்து வைத்திருந்தான். பத்து நிமிடம் பேசி, முதலில் குலதெய்வம், பின்னால் அவன் சொன்ன பெயர் என்று தட்டச்சு செய்தேன். முகவரிக் கட்டத்துக்கு வந்தபோது அப்பாவே கதவு எண்ணைச் சொல்லி, “மாடின்னு போடுங்க” என்றார்.